800, 1500 மீட்டர் ஓட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல், தள்ளாமல், நீக்கப்படாமல் ஓடுவது எப்படி?

நெல்லைப் பக்கம் எந்த ஊரில் குறுவட்டப் போட்டி நடந்தாலும் 100 மீட்டர் ஓட்டம் அமைதியாக முடிந்துவிடும். தகராறு 800 மீட்டர் முடிந்ததும்தான் ஆரம்பிக்கும். "சார், அவன் என்னைத் தள்ளிட்டான்." "இல்ல சார், அவன்தான் குறுக்க விழுந்தான்." மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு பேர் நடுவரைச் சுற்றி நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பள்ளிகளின் பி.டி. சார்களும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்தத் தகராறுகளில் தள்ளியவன் முரடனாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அவன் தப்பான இடத்தில் அடைபட்டுக் கிடந்து, கடைசி 200 மீட்டரில் பதறியவன். கை நீண்டது கடைசி வளைவில் என்றாலும் தப்பு நடந்தது ஒரு சுற்றுக்கு முன்னால். அதனால் "கையை அடக்கு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. எங்கே ஓட வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கை தானாக அடங்கும்.

முதலில் விதியைப் படியுங்கள்

உலகத் தடகள அமைப்பின் தொழில்நுட்ப விதிகளில் 17ஆவது விதிதான் இதற்கு அடிப்படை. நம் பக்கம் பலர் நினைப்பதுபோல உடம்பில் உடம்பு பட்டாலே குற்றம் என்று அதில் இல்லை. தொட்டதால் ஒருவருக்கு நியாயமில்லாத ஆதாயம் கிடைத்திருக்க வேண்டும், அல்லது மற்றவருக்குக் காயமோ பாதிப்போ வந்திருக்க வேண்டும். தொடாமலே வழி மறித்து ஓட்டத்தைக் கெடுத்தாலும் இதே விதிக்குள் வரும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வளைவில் ஓடும்போது தோளும் முழங்கையும் உரசத்தான் செய்யும். அதற்கெல்லாம் கையைத் தூக்கி முறையிட்டால் உங்கள் ஓட்டம்தான் கெடும்.

இடித்தலோ மறித்தலோ நடந்துவிட்டது என்றால் ரெஃப்ரி முன்னால் இரண்டு வழிகள். அது வேண்டுமென்று செய்ததல்ல, அல்லது இன்னொரு ஓட்டக்காரரால் வந்ததல்ல என்று பட்டால் யாரையும் நீக்க வேண்டியதில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்காக மறு ஓட்டம் வைக்கலாம், அல்லது அவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம். இன்னொரு ஓட்டக்காரர்தான் பொறுப்பு என்று தெரிந்தால் அவரை அந்தப் போட்டியிலிருந்து நீக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு அப்போதும் அதே சலுகை உண்டு. ஆனால் அவர் உண்மையாக முயன்று ஓட்டத்தை முடித்திருக்க வேண்டும். இந்த நிபந்தனையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வளைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் மஞ்சள் கொடியைத் தூக்கினால் நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள் என்று பொருளில்லை. அவர் அம்பயர், அதாவது ஓட்டத்தைக் கண்காணிப்பவர். பார்த்ததை ரெஃப்ரியிடம் சொல்வது மட்டுமே அவர் வேலை. முடிவு ரெஃப்ரியுடையது. கொடியைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வாதாடப் போகிற பிள்ளைகளை இன்றும் பார்க்கிறோம்.

யார் மேல் தப்பு என்பது முதல் பார்வையில் தெரிவதும் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 3000 மீட்டர் இறுதி. வெறுங்காலில் ஓடிய ஸோலா பட் சற்று முன்னால் இருந்தார். உள்பக்கம் ஒட்டி வந்த அமெரிக்காவின் மேரி டெக்கரின் கால் அவர் காலில் பட்டு, டெக்கர் புல்தரையில் விழுந்தார். அரங்கமே ஸோலா பட்டைத் திட்டியது. முதலில் அவரை நீக்கினார்கள். வீடியோவைப் பார்த்தபின் அந்த நீக்கத்தை ரத்து செய்தார்கள். முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் கிடையாது. இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் பின்னால் வருகிறவருக்குத்தான். நம் மைதானங்களில் பாதிப் பேர் வெறுங்காலிலும் பாதிப் பேர் ஸ்பைக்ஸ் எனப்படும் ஆணி வைத்த ஷூவிலும் ஓடுகிறார்கள். ஸ்பைக்ஸ் போட்டவர்கள் இதை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே ஓடினால் எவ்வளவு நஷ்டம்? கணக்கு போடுங்கள்

"உள்ளேயே ஒட்டி ஓடு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிள்ளைகளும் உள்கோட்டை விட்டால் உயிர் போய்விடும் என்பதுபோல ஒட்டுகிறார்கள். அதில்தான் நெரிசல் வருகிறது.

ஒரு வளைவை முழுக்க ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் கூடுதல் தூரம் சுமார் 3.14 மீட்டர். வளைவு பெரிதோ சிறிதோ, இது மாறாது. 800 மீட்டரை 2 நிமிடம் 10 விநாடியில் ஓடுகிற பையனுக்கு அது ஏறக்குறைய அரை விநாடி. நேர்ப்பகுதியில் வெளியே ஓடினால் நஷ்டமே இல்லை என்று சொல்லலாம்.

400 மீட்டர் டிராக்கில் 800 ஓட்டத்துக்கு நான்கு வளைவுகள். முழுக்க ஒரு மீட்டர் வெளியே ஓடினால் 12.5 மீட்டர் போகும். நம் பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் 200 மீட்டர் வட்டம்தான் போட முடிகிறது. அங்கே எட்டு வளைவு, அதாவது 25 மீட்டர் நஷ்டம். ஆகவே பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம் மாதிரி பெரிய இடத்தில் ஓடுவதற்கும், உங்கள் ஊர்ப் பள்ளி மண் மைதானத்தில் ஓடுவதற்கும் திட்டம் ஒன்றாக இருக்கக் கூடாது. பெரிய டிராக்கில் ஒரு வளைவை வெளியே ஓடி நல்ல இடத்தை வாங்கலாம், விலை குறைவு. சின்ன வட்டத்தில் முதல் 50 மீட்டரிலேயே முன்வரிசையில் இடம் பிடித்துவிட வேண்டும். பிறகு முந்துவதெல்லாம் நேர்ப்பகுதியில் மட்டும். அந்த நேர்ப்பகுதியும் குட்டையாகத்தான் இருக்கும்.

புறப்பாடும் முதல் 200 மீட்டரும்

400 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்களில் "ஆன் யுவர் மார்க்ஸ்" மட்டும்தான், "செட்" கிடையாது. கை தரையில் படக் கூடாது. கோட்டை மிதிக்கக் கூடாது.

முறையான டிராக்கில் 800 ஓட்டம் தனித்தனி லேனில் தொடங்கும். முதல் வளைவு முடிந்து, பிரேக் லைன் எனப்படும் வளைகோட்டைத் தாண்டிய பிறகுதான் லேனை விட்டு உள்ளே வரலாம். லேன் கோடுகளும் அந்தக் கோடும் சந்திக்கும் இடத்தில் சின்னக் கூம்புகள் வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் உள்ளே வந்தால் யாரையும் தொடாமலே நீக்கம்தான்.

கோட்டைத் தாண்டியதும் எட்டாவது லேன்காரர் சர்ரென்று முதல் லேனுக்குப் பாய்வார். பெரிய இடிகளில் ஒன்று அங்கேதான் நடக்கும். பாய வேண்டிய அவசியமே இல்லை. எட்டாவது லேன் முதல் லேனிலிருந்து சுமார் 8.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. நேர்ப்பகுதி 84 மீட்டர் சொச்சம். அதன் மறுமுனையைக் குறிவைத்துச் சாய்வாக ஓடினால் கூடும் தூரம் அரை மீட்டர்கூட இல்லை. எதிரே தெரியும் வளைவின் தொடக்கத்தைப் பார்த்துக்கொண்டே நேர்கோட்டில் போங்கள். உள்ளே இருப்பவர்களின் வேகம் தெரிந்த பிறகு எந்த இடைவெளியில் சேருவது என்று முடிவு செய்யலாம்.

1500 மீட்டரில் எல்லாரும் ஒரே வளைகோட்டில் நிற்பார்கள். பள்ளிப் போட்டிகளில் 800 ஓட்டமும் பல நேரம் இப்படித்தான். துப்பாக்கி வெடித்ததும் முதல் 30 மீட்டர், மாலை நேரத்தில் ஜங்ஷன் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் மாதிரி இருக்கும். அங்கே மூன்று காரியம் செய்யுங்கள். முதல் பத்து அடியில் காலடியைக் குட்டையாக வையுங்கள். முழங்கையைச் சற்று அகலமாக, ஆனால் அசைக்காமல் வைத்திருங்கள். இடத்தைக் காப்பது குற்றமில்லை, வீசுவதுதான் குற்றம். பார்வை முன்னால் ஓடுகிறவரின் இடுப்பில் இருக்கட்டும். காலைப் பார்த்து ஓடினால் தடுமாற்றம் தெரிவதற்குள் மேலே விழுந்திருப்பீர்கள்.

உள்ளோரத்தில் நிற்க நேர்ந்தால் ஒன்று, வேகமாகக் கிளம்பி முன்னால் போய்விடுங்கள். இல்லையென்றால் கூட்டத்தை முன்னால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். நடுவாந்திரமாக ஓடினால் முதல் வளைவிலேயே நான்கு பேர் உங்களை மூடிவிடுவார்கள்.

நடுச் சுற்றுகளில் எங்கே உட்காருவது

நல்ல இடம் என்று ஒன்று உண்டு. முன்னால் ஓடுகிறவருக்கு நேர் பின்னால் போகாமல், அவருடைய வலது தோளுக்குப் பின்னால், அரை லேன் வெளியே. அங்கிருந்தால் உங்களை அடைக்க விரும்புகிறவர் இரண்டாவது லேனில் ஓடித் தூரத்தை இழக்க வேண்டும். முன்னால் யாராவது விழுந்தாலும் விலக இடம் இருக்கும். இதற்கு வளைவுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் செலவாகும். கொடுக்கத்தக்க விலைதான்.

முன்னாலேயே ஓடிவிட்டால் என்ன? அடைபடும் பயமே இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் 800 மீட்டரில் கென்யாவின் டேவிட் ருடிஷா தொடக்கம் முதல் முன்னாலேயே ஓடி 1:40.91 என்று உலக சாதனை வைத்தார். நான்கு ஆண்டு கழித்து ரியோவில் 1500 மீட்டரை மாத்யூ சென்ட்ரோவிட்ஸும் ஏறக்குறைய முழுக்க முன்னாலேயே ஓடித்தான் வென்றார், ஆனால் நேரம் 3:50.00. பள்ளிப் பையன்கள் ஏங்கும் நேரம்தான், இருந்தாலும் ஒலிம்பிக் இறுதிக்கு அது ஆமை வேகம். முன்னால் நின்று வேகத்தைக் கட்டுப்படுத்தினார், உள்கோட்டை யாருக்கும் விடவில்லை, பின்னால் இருந்த பெரிய ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வந்தார்கள். மெதுவாகப் போகும் ஓட்டத்தில்தான் இடி அதிகம், ஏனென்றால் எல்லாருக்கும் தெம்பு மிச்சம் இருக்கும். வேகம் குறைகிறது என்று தெரிந்தால் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்துக்கு உடனே நகருங்கள். கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம், காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் மேற்கிலிருந்து வரும் காற்று ஆளைத் தள்ளும். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. பள்ளிப் போட்டிகளின் பருவமும் அதே மாதங்களில்தான் வருகிறது. எதிர்க்காற்று அடிக்கும் நேர்ப்பகுதியில் எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்ப்பார்கள். இடைவெளி சுருங்கும், குதிங்காலில் கால் படும், விழுவார்கள். ஆகவே காற்றுக்கு எதிரே போகும்போது முந்தப் பார்க்காதீர்கள், ஒரு கை நீளம் இடைவெளி விட்டு முன்னால் ஓடுகிறவரின் மறைவில் போங்கள். காற்று முதுகில் அடிக்கும் பக்கம் வந்ததும் கிளம்புங்கள். போட்டிக்கு முன் வார்ம்-அப் செய்யும்போதே எந்தப் பக்கம் எதிர்க்காற்று என்று மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். கொடிக்கம்பத்தைப் பார்த்தாலே தெரியும்.

அடைபட்டுவிட்டால்

முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் உள்வரம்பு. இதுதான் பாக்ஸ். மணி அடித்துவிட்டது, முன்னால் இருப்பவர் சோர்கிறார், பின்னால் இருந்தவர்கள் வெளிப்பக்கமாகப் போகிறார்கள். ஓரத்திலிருந்து யாராவது "ஏல, உள்ள மாட்டிக்கிட்டியே, வெளிய வால!" என்று கத்துவார்கள். இந்த இரண்டு விநாடியில்தான் கை நீளும்.

2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் 1500 மீட்டர் இறுதியைத் தேடிப் பாருங்கள். கடைசிச் சுற்றில் எத்தியோப்பியாவின் கெலெடே புர்கா முன்னால் ஓடுகிறார். ஸ்பெயினின் நதாலியா ரோட்ரிகெஸ் உள்பக்கமாக, இல்லாத இடைவெளியில் நுழைகிறார். புர்கா விழுகிறார். ரோட்ரிகெஸ் முதலாவதாகக் கோட்டைத் தொட்டார், பிறகு நீக்கப்பட்டார். தங்கம் பஹ்ரைனின் மரியம் ஜமாலுக்குப் போனது.

இதோடு சேர்த்து 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் 1500 மீட்டரையும் பாருங்கள். அமெரிக்காவின் கோல் ஹாக்கரும் கடைசிக் கட்டத்தில் உள்பக்கமாகத்தான் நுழையப் பார்த்தார். முன்னால் இருந்த யாகோப் இங்கப்ரிக்ட்சன் அந்த வழியை அடைத்துவிட்டார். ஹாக்கர் தள்ளவில்லை. ஒரு கணம் தணிந்தார். நேர்ப்பகுதியில் இங்கப்ரிக்ட்சன் சற்று வெளியே விலகியதும் அதே உள்வழியில் மறுபடி வந்து 3:27.65 என்ற ஒலிம்பிக் சாதனையோடு வென்றார். களைத்தவர் நேர்ப்பகுதியில் ஓரத்தை விட்டு விலகுவது வழக்கம். ஆனால் அதை நம்பி மட்டும் உள்ளே காத்திருப்பது சூதாட்டம். ஹாக்கருக்கு வழி திறந்தது, எல்லாருக்கும் திறக்காது.

வெளியே வர நம்பகமான வழி பின்வாசல்தான். இரண்டு காலடி நேரம் வேகத்தை லேசாகக் குறையுங்கள். வலப்பக்கம் ஓடுகிறவர் அரை மீட்டர் முன்னால் போவார். அவர் முதுகுக்குப் பின்னால் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு முன்னேறுங்கள். இதில் போவது ஒன்றிரண்டு மீட்டர். தள்ளினால் போவது மொத்த ஓட்டம். இதை நேர்ப்பகுதியில், மணி அடிப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. கடைசி வளைவில் செய்தால் மூன்றாவது லேன்வரை போக வேண்டியிருக்கும்.

முன்னால் இருப்பவரின் முதுகில் விரல் நுனி படுவது நெரிசலில் சகஜம், அதற்காக யாரும் நீக்க மாட்டார்கள். தோளைப் பிடித்து இழுப்பது, உள்ளங்கையால் தள்ளுவது, பனியனைப் பற்றுவது எல்லாம் வேறு கதை.

முந்தும்போதும் கடைசி நேர்ப்பகுதியிலும்

முந்தியவுடன் உள்ளே சாய்வதுதான் அடுத்த ஆபத்து. எத்தனை அடி முன்னால் போன பிறகு உள்ளே வரலாம் என்று விதியில் அளவு இல்லை. பின்னால் இருப்பவர் காலடியைக் குறைக்க நேர்ந்தால் நீங்கள் மறித்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரு முழுக் காலடி இடைவெளி தெரியும்வரை வெளியிலேயே இருங்கள். முந்துவதென்றால் ஐந்தாறு அடியில் முடிகிற மாதிரி வெடித்துப் போக வேண்டும். இழுத்து இழுத்து முந்தினால் வளைவு முழுக்கப் பக்கத்திலேயே ஓட நேரும்.

முன்னால் ஓடுகிறவருக்கும் கட்டுப்பாடு உண்டு. நேர்ப்பகுதியில் அவர் எந்த லேனிலும் ஓடலாம். ஆனால் ஒருவர் வெளிப்பக்கம் முந்த வருவதைப் பார்த்து அவர் பாதையில் சாய்ந்துகொண்டே போனால் அது மறித்தல். கடைசி 80 மீட்டரில் தரையில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து அதன்மேலே ஓடுங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மஞ்சித் சிங் 800 மீட்டரில் கடைசியில்தான் முன்னால் வந்து 1:46.15 நேரத்தில் தங்கம் வென்றார். நம் நாட்டுக்காரரே ஆன ஜின்சன் ஜான்சன் 1:46.35க்கு வெள்ளி. கூட்டத்துக்கு வெளியே தெளிவான பாதை கிடைத்தால் கடைசி நேரத்தில்கூட இவ்வளவு மாற்ற முடியும்.

தள்ளாமலே நீக்கப்படும் வழிகள்

புதுக்கோட்டை கோவிந்தன் லட்சுமணனை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஜகார்த்தாவில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓட்டத்தின் நடுவே உள்வரம்புக்குள் கால் வைத்ததால் நீக்கப்பட்டார், வெண்கலம் போயிற்று. இப்போது விதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வளைவில் ஒரே ஒரு அடி கோட்டின்மேலோ உள்ளேயோ பட்டு, அதனால் ஆதாயமும் இல்லை, யாரையும் மறிக்கவும் இல்லை என்றால் நீக்க மாட்டார்கள். இரண்டாவது அடி வைத்தால் நீக்கம். ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், வைத்த அடி இறுதி ஓட்டத்திலும் கணக்கில் இருக்கும். இன்னொருவர் தள்ளி உள்ளே போயிருந்தால் அது உங்கள் குற்றமல்ல, ஆனால் உடனே பாதைக்குத் திரும்பிவிடுங்கள். நம் மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு இரண்டாவது ஹீட்டிலேயே அழிந்துவிடுகிறது. மறுபடி போடச் சொல்லி உங்கள் சாரை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பக்கத்தில் கூட ஓடுகிற கூட்டாளிகள். கடைசிச் சுற்றில் உள்பக்கப் புல்லில் நாலு பேர் "ஏட்டி, விடாத, விடாத!" என்று கூடவே ஓடுவார்கள். பாசம்தான். ஆனால் போட்டியில் இல்லாதவர் வேகம் பிடித்துக் கொடுப்பது விதிப்படி தடைசெய்யப்பட்ட உதவி. எச்சரிக்கை வரும், தொடர்ந்தால் ஓடுகிற பிள்ளைக்குத்தான் நீக்கம். நின்ற இடத்திலிருந்து கத்தச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும்.

பழகுவது எப்படி

தனியாக ஓடிப் பழகியவர்கள்தான் கூட்டத்தில் அதிகம் பதறுகிறார்கள். வாரம் ஒருமுறையாவது ஆறு எட்டுப் பேர் சேர்ந்து, இரண்டு வரிசையாக, கை எட்டும் நெருக்கத்தில் மெதுவாக ஓடுங்கள். பயிற்சியாளர் விசில் அடித்ததும் உள்ளே அடைபட்டவர் யாரையும் தொடாமல் பின்வாசல் வழியே வெளியே வந்து முன்னால் போக வேண்டும். பிறகு அதையே 300 மீட்டர் தூரத்துக்கு வேகமாக ஓடிச் செய்யுங்கள். இடத்தை மாற்றி மாற்றி ஓட வையுங்கள். வேகமான பையனும் அடைபட்டுப் பார்க்க வேண்டும். அதிகாலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்க வரும் அண்ணாச்சிமாருக்கு இடையே புகுந்து ஓடுவதும் ஒருவகைப் பயிற்சிதான் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், பெரியவர்கள் விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

விழுந்தால், தள்ளப்பட்டால்

எழுந்து ஓடுங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 1500 மீட்டர் ஹீட்ஸில் கடைசிச் சுற்று தொடங்கும் இடத்தில் விழுந்த சிஃபான் ஹசன், எழுந்து எல்லாரையும் தாண்டி அந்த ஹீட்ஸை வென்றார். அது எல்லாராலும் ஆகாது. ஆனாலும் கடைசியாகவாவது ஓடி முடிக்க வேண்டும். முன்பு சொன்ன நிபந்தனை இதுதான்: ஓட்டத்தை முடிக்காமல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதால், தப்பு முழுக்க மற்றவர்மேல் இருந்தாலும் மறு ஓட்டமோ அடுத்த சுற்று வாய்ப்போ கேட்க முடியாது. பாதையை விட்டு நீங்களாக வெளியே போனாலும் அப்படித்தான்.

முடித்தபின் தள்ளியவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தகாத நடத்தைக்கு மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் தடகளத்திலும் உண்டு. நேராக உங்கள் சாரிடம் போய் மூன்று விவரம் சொல்லுங்கள்: எந்தச் சுற்றில், எந்த வளைவில், எந்த நெஞ்சு எண். முடிவு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட 30 நிமிடத்துக்குள் ஓட்டக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ ரெஃப்ரியிடம் வாய்மொழியாகவே முறையிடலாம். ரெஃப்ரி முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. உள்ளூர்ப் போட்டிகளில் கட்டணமும் நேர வரம்பும் மாறலாம். காலையிலேயே சுற்றறிக்கையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது செல்போனில் எடுத்திருந்தால் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பார்ப்பதும் பார்க்காததும் ரெஃப்ரியின் விருப்பம்.

முறையீடு முடியும்வரை வேன் ஏறிவிடாதீர்கள், வெளியே பரோட்டா கடைக்கும் போக வேண்டாம். மறு ஓட்டம் அன்றைக்கு மாலையே வைக்கப்படலாம். மெதுவாக ஒரு சுற்று ஓடி உடம்பைத் தளர்த்திவிட்டு, தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டு, நெஞ்சு எண்ணைக் கழற்றாமல் நிழலில் இருங்கள்.